ஒரு லிஃப்டுக்கு ஒரு பேர்ச்

போன வருசம் பரீட்சைக்கு ரெண்டு நாள் இருக்கும்போது அண்ணன் வட்ஸ்அப்பில் வொய்ஸ் ஒன்று அனுப்பியிருந்தான். "தங்கச்சி, லிஃப்ட் ஒன்னு போடலாம்னு இருக்கேன். எது நல்லதுன்னு இங்கிலீசுல தேடிப் பார்த்துச் சொல்லு."

ஹொஸ்டல் அறையில் பக்கத்துக் கட்டில்காரி அதைக் கேட்டுவிட்டு, "உங்க வீடு மாடி வீடாடி?" என்றாள். மாடி வீடு இல்லை. பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் லயம். அதில் எங்களுடையது கடைசி வீடு, தொங்க காம்பரா. கடைசி வீடு என்பதால் பக்கச் சுவரை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை போட முடிந்தது. அதுதான் அண்ணனின் கராஜ். அவன் கேட்டது வாகனத்தைத் தூக்கும் லிஃப்ட்.

நான் கலைப்பீடத்து ஆள். எனக்கும் ஸ்பேனருக்கும் உள்ள சம்பந்தம் சின்ன வயதில் அண்ணனுக்கு டோர்ச் பிடித்ததோடு முடிந்தது. ஆனாலும் அந்த ராத்திரி நோட்ஸை மூடிவிட்டுத் தேட ஆரம்பித்தேன். ஏன் என்றால், அவன் ஏன் கேட்கிறான் என்று எனக்குத் தெரியும்.

அண்ணன் ஓ.எல். முடித்து கொழும்புக்குப் போனவன். பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு கராஜில் வேலை பழகினான். 2022இல் பெட்ரோலும் இல்லை, வேலையும் இல்லை என்றானபோது ஊருக்கு வந்தான். கியூ.ஆர். வந்த புதிதில் த்ரீவீலுக்கு வாரத்துக்கு 5 லீட்டர்தான் கிடைத்தது. ஓடாத வண்டியை யார் திருத்தக் கொடுப்பார்கள்? அந்த ஆறு மாதம் அவன் அப்பாவோடு விறகு வெட்டப் போனான். பிறகு மெல்ல மெல்ல வண்டிகள் வந்தன. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருசமும் நாட்டில் ஓடியது எல்லாமே பழைய வண்டிதான். திறந்த பிறகும் எங்கள் பக்கத்து ஆட்கள் புதுசு வாங்கும் விலையில் இல்லை. பழைய வண்டி ஓடும் வரை அண்ணன் மாதிரி ஆளுக்கு வேலை உண்டு. 27 வயதில் அவனை எல்லாரும் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

த்ரீவீலுக்கு லிஃப்ட் தேவையில்லை. பெட்டரியைக் கழற்றிவிட்டு, பழைய டயர் ஒன்றைக் கீழே போட்டு, ரெண்டு பேர் சேர்ந்து பக்கவாட்டில் சாய்த்துவிடுவார்கள். சிக்கல் டிமோ பட்டாவும் டொல்பின் வேனும் வரும்போதுதான். டொல்பின் ஒன்றரை டன் கிட்ட வரும். அதைச் சாய்க்க முடியாது. அதுக்குக் கீழே மனுசன் போகணும்.

ரெண்டு வருசத்துக்கு முந்தின ஐப்பசி மழையில் அப்படித்தான் போனான். கொட்டகையின் தரை மண்ணும் சரளைக்கல்லும். போத்தல் ஜெக்கால் வேனைத் தூக்கி, பக்கத்தில் சீமெந்துக் கல் ரெண்டை அடுக்கியிருந்தான். உள்ளே ஓட்டை உள்ள கல். மழையில் ஊறிய மண் ஜெக்கின் ஒரு பக்கம் அமுங்கியது. ஜெக் சாய்ந்தது. பாரம் கல் மேல் வந்தது. கல் பிஸ்கட் மாதிரி நொறுங்கியது.

அவன் பிழைத்தது ஒரு பழைய பழக்கத்தால். கொழும்பில் அவனுக்கு வேலை பழக்கிய பாஸ், கழற்றின வீலை எப்பவும் வண்டிக்குக் கீழே தள்ளி வைக்கச் சொல்வாராம். அன்றும் வைத்திருந்தான். வேன் அந்த வீலின் மேல் வந்து உட்கார்ந்தது. தோள்பட்டைத் தோல் உரிந்தது, ரெண்டு விரல் முறிந்தது, அவ்வளவுதான். அம்மா அந்த ஜெக்கைக் கொண்டுபோய் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்து ஒரு வாரம் கொடுக்கவே இல்லை.

அதனால்தான் லிஃப்ட்.

தேடினால் முதலில் வருவது இரண்டு தூண் லிஃப்ட். ரெண்டு பக்கமும் இரும்புத் தூண், அதிலிருந்து நாலு கை நீளும், அவை வண்டியின் அடிச்சட்டத்தைப் பிடித்துத் தூக்கும். நாலு வீலும் அந்தரத்தில் தொங்கும். நடுவில் நின்றபடி கியர் பொக்ஸைக் கழற்றலாம். அண்ணனுக்கு அதுதான் வேணும். ஆனால் அந்தத் தூண்கள் தரையில் ஆணி போல்ட்டால் இறுக்கப்பட வேண்டும். வண்டியின் முழுப் பாரமும் அந்தத் தரைக்குத்தான் வரும், தூண்கள் சாயாமல் பிடித்து வைப்பது அந்த போல்ட்டுகள்தான். அதனால் குறைந்தது 4 அங்குல நல்ல கொங்கிரீட் வேண்டும், பல லிஃப்டுகளுக்கு அதற்கும் மேல். புதிதாகப் போட்டால் 28 நாள் இறுகவிட வேண்டும். கூரை 11, 12 அடி உயரம் கேட்கும். எங்கள் கொட்டகை 9 அடி. மோட்டார் கிளம்பும் நேரத்தில் இழுக்கும் கரண்ட் ஓடும் நேரத்தைவிடப் பல மடங்கு. எங்கள் வீட்டில் ரைஸ் குக்கரும் அயர்னும் சேர்ந்து போட்டாலே ட்ரிப் ஆகும்.

அடுத்தது நான்கு தூண். வண்டியை அப்படியே ஏற்றி நிறுத்தலாம். பல மாடல்களை போல்ட் பண்ணாமலும் வைக்கலாம். ஆனால் வண்டி அதில் தன் வீல் மேலேயே நிற்கும். பிரேக் வேலை செய்ய அதுக்கு மேல் இன்னொரு ஜெக் வேணும். இடமும் கூட. தரை சமமான கொங்கிரீட்டாகவே இருக்கணும்.

கத்தரி மாதிரி விரியும் லிஃப்ட் இருக்கிறது. சிலதைத் தள்ளிக்கொண்டே போகலாம். டயர் வேலைக்கு நல்லது. ஆனால் அது வண்டிக்கு நடுவில் உட்கார்ந்துகொள்வதால் கியர் பொக்ஸ் பக்கம் கை போகாது. அண்ணனிடம் சொன்னேன். "அப்போ எனக்கு என்னாத்துக்கு?" என்றான்.

கடைசியாக, காசு இல்லாதவர்களின் லிஃப்ட்: குழி. பழைய கராஜ்களில் பார்த்திருப்பீர்கள். வண்டி மேலே நிற்கும், ஆள் கீழே நிற்பான். அண்ணன் உடனே மண்வெட்டியை எடுக்கத் தயார். நான் ஒன்று சொன்னேன், அப்பா ஒன்று சொன்னார். நான் சொன்னது: பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், அது குழிக்குள் போய்த் தேங்கும், ஒரு பொறி போதும். அப்பா சொன்னது அதைவிடச் சின்னது. "மலைய அறுக்காத." எங்கள் லயத்துக்குப் பின்னால் மேடு, முன்னால் பள்ளம். 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது எங்கள் மாவட்டத்தில்தான். மழை நேரத்தில் அப்பா இன்றைக்கும் சரியாகத் தூங்குவதில்லை. அவரிடம் ஆறடிக் குழி பற்றிப் பேச முடியாது.

ஆக, இரண்டு தூண்தான் சரி என்று முடிவானது. கூரையைத் தூக்கலாம், கரண்டுக்கு மனுப் போடலாம். விலை லட்சக்கணக்கில்தான், அதுக்கும் லோன் இருக்கிறது என்றான் அண்ணன். அங்கேதான் நாங்கள் இரண்டு பேரும் வாயடைத்துப் போனோம்.

லோனுக்கு உறுதி கேட்பார்கள். எந்த உறுதி? அந்தத் தரை எங்களுடையது இல்லை. 1970களில் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போனது. கைமாறும்போது ஒப்பந்தம் போட்டது அரசும் கம்பெனியும். லயத்தில் இருந்தவர்களிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை. தாத்தாவின் அப்பா காலத்திலிருந்து நாங்கள் அதே காம்பராவில் இருக்கிறோம், ஆனால் அந்த நிலத்தில் ஒரு போல்ட் அடிக்க அனுமதி கேட்கணும். அப்பா ஆபீசுக்குப் போய்க் கேட்டார். தகரம் போட்டுக்கொள்ளலாம், கொங்கிரீட் போடக் கூடாது என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்களாம். அதுவும் கருணைதான், எழுத்தில் ஒன்றுமில்லை.

நம் உரிமை பற்றி நான் பல்கலைக்கழகத்தில் நிறைய எழுதியிருக்கிறேன். 'காணி உரிமை' என்று தலைப்புப் போட்டு அசைன்மென்ட் கொடுத்து நல்ல மார்க்ஸும் எடுத்திருக்கிறேன். ஆனால் அது என்ன பொருள் என்று எனக்குப் புரிந்தது ஒரு லிஃப்டின் மெனுவலைப் படித்தபோதுதான். 'லிஃப்டைப் பொருத்துவதற்கு முன் உங்கள் தரையைச் சோதியுங்கள்' என்கிற மாதிரித்தான் எல்லா மெனுவலும் தொடங்குகிறது. 'உங்கள்' என்ற சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். இரண்டு தூண் லிஃப்ட் வைத்து நிம்மதியாக வேலை செய்ய 12 அடிக்கு 24 அடி இருந்தால் நல்லது. 288 சதுர அடி. ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடி. அண்ணனுக்குத் தேவை சுமாராக ஒரு பேர்ச். சமீப வருசங்களில் இந்திய வீட்டுத் திட்டத்தில் தோட்டங்களில் கட்டிய தனிவீடுகள் 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி. வீடு, வாசல், தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ் எல்லாம் போகவும் அந்த ஏழில் ஒன்று மிஞ்சும். எங்கள் டிவிஷனுக்கு இன்னும் வரவில்லை.

"டவுன்ல கட எடு" என்று நானும் சொன்னேன். அட்வான்ஸ், வாடகை எல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டு, "வண்டிக்காரன் நம்ம வீட்டுக்கு வாறது கடனுக்குத்தான் தங்கச்சி. டவுன்ல கட போட்டா கடன் குடுக்க ஏலாது" என்றான். அதுவும் சரிதான்.

கடைசியில் வாங்கியது லிஃப்ட் இல்லை. அம்மாவின் சீட்டு 60 ஆயிரம் விழுந்தது. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாள்சம்பளம் 1350 ஆனதே, அந்தக் கணக்கில் 44 நாள் கொழுந்து. அந்தக் காசோடு அண்ணனின் சேமிப்பையும் சேர்த்து ஒரு 3 டன் ட்ரொலி ஜெக், நாலு இரும்பு ஸ்டேன்ட், முக்கால் அங்குல பிளைவுட் பலகை ரெண்டு, அதுக்கு மேல் வைக்க இரும்புத் தகடு. பலகையும் தகடும் பாரத்தை மண்ணில் பரப்பும். கொங்கிரீட்டுக்கு ஈடாகாது, வெறும் மண்ணைவிடப் பரவாயில்லை. மழை பெய்து தரை ஊறியிருந்தால் கீழே போகும் வேலை கிடையாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறார்.

கொட்டகைச் சுவரில் என் கையெழுத்தில் பெயின்டால் நாலு வரி எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி வேலை செய்தால் எழுதி வையுங்கள்:

ஜெக் தூக்குறதுக்கு மட்டும். தாங்குறதுக்கு ஸ்டேன்ட்.
தரையில நிக்கிற வீலுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் கட்டை.
உள்ள போக முந்தி வண்டிய ஆட்டிப் பாரு.
கழட்டின வீல் வண்டிக்குக் கீழ.

சீமெந்துக் கல்லைப் பற்றி எழுதவில்லை. அம்மா அதையெல்லாம் தூக்கிக்கொண்டுபோய்க் கோழிக்கூட்டுக்கு வைத்துவிட்டார்.

போன லீவில் வீட்டுக்குப் போனபோது கொட்டகைக்கு வெளியே நாலு குச்சி நட்டிருந்தது. என்ன என்று கேட்டதற்கு அண்ணன் சிரித்தான். 12 அடி, 24 அடி. டேப் பிடித்து அளந்து வைத்திருக்கிறான். உறுதி வந்த அன்றைக்கே கொங்கிரீட்டாம்.

குச்சிகளுக்கு நடுவில் அம்மா போஞ்சி போட்டிருந்தார். "நெலம் சும்மா கெடக்குதே" என்றார். அடுத்த நாள் காலையில் ஒரு டொல்பின் வந்தது. நான் டோர்ச் பிடித்தேன். அண்ணன் நாலு ஸ்டேன்டையும் வைத்து, வண்டியை ஆட்டிப் பார்த்து, அம்மா பார்க்கிறாரா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனான்.