ஒற்றையடிப் பாதையில் ஓர் இடம்

சான் பிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டினால் மரின் மாவட்டம். மலைச் சைக்கிள் பிறந்த மண் என்று சைக்கிள்காரர்கள் கொண்டாடும் இடம். 784 மீட்டர் உயரமுள்ள டாமல்பையஸ் மலையிலும் அதை ஒட்டிய குன்றுகளிலும் 1970களில் சில இளைஞர்கள் தடித்த டயர் போட்ட பழைய ஷ்வின் சைக்கிள்களை உருட்டிக்கொண்டு திரிந்தார்கள். 1976 அக்டோபரில் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு மேலே அவர்களுடைய முதல் பந்தயம் நடந்தது. மூன்றரை கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய 400 மீட்டர் இறக்கம். பின்சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் சூடேறி, கிரீஸ் முழுக்கப் புகையாகிவிடும். கீழே வந்ததும் கழற்றிப் புதுக் கிரீஸ் திணிக்க வேண்டும். ரீபேக், அதாவது மறுபடி திணிப்பது, என்று அந்தப் பந்தயத்துக்குப் பெயர் வந்தது அதனால்தான். அந்தக் கூட்டத்தில் ஒருவரான ஜோ பிரீஸ் அடுத்த ஆண்டே மலைக்கென்று தனியாக ஒரு சைக்கிளைக் கட்டினார்.

இதையெல்லாம் ஃபேர்ஃபாக்ஸில் இருக்கும் சைக்கிள் அருங்காட்சியகத்தில் பார்த்துவிட்டு, வாடகைச் சைக்கிளோடு மலையேறப் போனேன். நிழலாக ஓர் ஒற்றையடிப் பாதை பிரிந்தது. முகப்பிலேயே பலகை: சைக்கிளுக்கு அனுமதி இல்லை. அடுத்த பாதையிலும் அதே பலகை. டாமல்பையஸின் ஒற்றையடிப் பாதைகளில் மிகப் பெரும்பாலானவை நடப்பவர்களுக்கும் குதிரைகளுக்கும் மட்டுமே. சைக்கிளுக்கு மிஞ்சுவது காட்டுத்தீ அணைக்கும் வண்டிகள் போக வெட்டிய அகலமான மண்சாலை.

அந்த மண்சாலையில் இறங்கிப் பார்த்தால்தான் ஒன்று புரியும். நேராக, செங்குத்தாக, சரளைக்கல் பரவிக் கிடக்கிறது. பிரேக்கை விட்டால் மணிக்கு 15 மைல் என்ற வேக வரம்பு நொடிகளில் தாண்டிப்போகும். வளைந்து நெளியும் குறுகலான பாதையில் அப்படிப் பறக்க முடியாது. வேரும் பாறையும் திருப்பமும் வேகத்தைக் கட்டுப்படுத்திவிடும். ஆபத்தைத் தவிர்க்கவென்று சைக்கிளை அகலச் சாலைக்குத் துரத்தி, அங்கே வேகத்தைக் கூட்டி வைத்திருக்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது.

எதிர்த்தரப்பின் அச்சம் பொய்யல்ல. வழியில் ஒரு மூதாட்டியோடு பேசிக்கொண்டிருந்தேன். "காது சரியாகக் கேட்காது. பின்னால் வருவது தெரிவதற்குள் உரசிக்கொண்டு போய்விடுகிறார்கள். விழுந்தால் எழ மாட்டேன்" என்றார். இந்த வயதிலும் தினமும் மலையேறுகிறவர் அவர். அவருடைய அமைதியைப் பறித்துத்தான் எனக்கு வழி கிடைக்கும் என்றால் அந்த வழி எனக்கு வேண்டாம். ஆனால் அப்படிப் பறிக்க வேண்டியதில்லை என்பதற்கு அதே மாவட்டத்தில் சாட்சி இருக்கிறது.

சான் ரஃபேல் நகருக்குக் கிழக்கே, சான் பாப்லோ விரிகுடாவின் கரையில் சைனா கேம்ப் மாநிலப் பூங்கா. சீனாவிலிருந்து வந்தவர்கள் 19ஆம் நூற்றாண்டில் இறால் பிடித்து வாழ்ந்த கிராமம் இன்னும் அங்கே நிற்கிறது. அதன் பாதைகளில் நடப்பவர், குதிரை, சைக்கிள் மூவருக்கும் இடம் உண்டு. சைக்கிள் இருவருக்கும் விலக வேண்டும்; நடப்பவர் குதிரைக்கு விலக வேண்டும்.

அங்கே எனக்கு முன்னால் போன இளைஞர் ஒரு குதிரையைக் கண்டதும் இறங்கினார். சைக்கிளைப் பள்ளத்துப் பக்கம் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, "வணக்கம், எப்படி இருக்கிறீர்கள்?" என்று உரக்கக் கேட்டார். பேச்சுக் குரல் கேட்டால் நிற்பது மனிதன்தான் என்று குதிரைக்குத் தெரிந்து மிரளாதாம். காதை ஒருமுறை திருப்பிவிட்டு அது கடந்து போனது. இந்த ஒழுக்கம் பழகப் பழகத்தான் வரும். பூட்டிய பாதையில் யார் எதைப் பழகுவது?

சைக்கிளை எதிர்ப்பவர்கள் மண் அரிப்பு பற்றியும் பேசுகிறார்கள். மொன்டானாவில் வில்சன், செனி இருவரும் செய்து 1994இல் வெளியான ஆய்வில், குளம்பும் காலடியும் பெயர்க்கும் மண் சக்கரம் பெயர்ப்பதைவிட அதிகம் என்று கண்டார்கள். ஈர மண்ணில் பிரேக்கை இறுக்கிச் சறுக்குகிறவர் பாதையைக் கெடுக்கிறார், சந்தேகமில்லை. மழைக்குப் பின் காயும்வரை மூடிவைக்கட்டும். பாதையைப் பெரிதும் அழிப்பது தண்ணீர். சரிவின் குறுக்கே, வெளி விளிம்பு கொஞ்சம் தாழ்ந்திருக்கும்படி வெட்டிய பாதையில் மழைநீர் ஓடாமல் பக்கவாட்டில் வடிந்துவிடும். அப்படி வெட்டவும் பராமரிக்கவும் மண்வெட்டியோடு வர ஆள் வேண்டும். கலிபோர்னியாவின் பல பூங்காக்களில் சைக்கிள்காரர்களும் அப்படி வருகிறார்கள். தங்களுக்கும் பங்குள்ள பாதைக்குத்தானே வருவார்கள்?

டாமல்பையஸின் பெரும்பகுதி மரின் குடிநீர் வாரியத்தின் நிலம். சில பாதைகளைச் சோதனை முறையில் சைக்கிளுக்குத் திறக்க வாரியம் 2024இல் முடிவெடுத்தது. இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. அரிய செடிகளைப் பற்றிய அவர்களுடைய கவலைக்கு மதிப்பு உண்டு. அந்தச் செடிகள் உள்ள பாதைகளை விட்டுவிடலாம். ஆனால் சோதித்துப் பார்க்கவே கூடாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதைவிட எளிய வழியும் நடப்பில் இருக்கிறது. டாஹோ ஏரியைச் சுற்றிவரும் நெடும்பாதையில், டாஹோ மெடோஸிலிருந்து டன்னல் கிரீக் வரையுள்ள பகுதியில் இரட்டைப்படைத் தேதிகளில் மட்டுமே சைக்கிள் போகலாம். டாமல்பையஸிலும் அப்படிச் செய்யலாம். அந்த மூதாட்டி ஒற்றைப்படைத் தேதிகளில் நிம்மதியாக நடக்கட்டும். மற்ற நாட்களில் அந்த ஒற்றையடிப் பாதைகளில் சிலவற்றையாவது எங்களுக்குத் தாருங்கள்.