மொட்டை மாடியில் தொடங்குகிறவர்

வீடு காட்டும் தரகர்கள் ஹாலில் ஆரம்பிப்பார்கள். அடுத்து சமையலறை, பூஜை அலமாரி, கடைசியில் கார் நிறுத்தும் இடம். நான் உடன்போன இந்தத் தரகரோ, வாங்க வந்தவர்களை நேரே மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார். சென்னை மடிப்பாக்கத்தில் மூன்று மாடி அடுக்ககம்; மே மாதம், மாலை நான்கு மணி. செருப்பைக் கழற்றித் தளத்தில் ஒரு காலை வைத்தவர் உடனே எடுத்துக்கொண்டார்.

"வெயிலைத் தடுக்கச் சுர்க்கியும் போடல, தட்டோடும் பதிக்கல. வெறும் சிமெண்டு பூசி விட்டுட்டாங்க. கீழ படுக்கிறவங்களுக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தலைக்கு மேல அடுப்பு எரியும் ஐயா."

விற்கிற வீட்டைப் பற்றித் தரகரே இப்படிச் சொன்னால் வீட்டுக்காரருக்கு எப்படி இருக்கும்? அவர் முகம் சுருங்கிவிட்டது. வாங்க வந்த ஓய்வுபெற்ற தம்பதி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இவர் இருபது வருஷத்துக்கு மேல் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். முழங்கால் தகராறு செய்யத் தொடங்கியதும் வீட்டுத் தரகில் இறங்கி, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் முகவராகவும் பதிந்துகொண்டார். பழைய தொழிலை முழுக்க விடவில்லை. அவரிடம் வேலை பழகிய பையன்கள் பார்த்துக்கொள்கிறார்கள். ஏசி வேலை மார்ச் முதல் ஜூன் வரை சாப்பிட நேரம் தராது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் போனே அடிக்காது. ஒரு வீடு வாடகைக்குப் படிந்தால் ஒரு மாத வாடகை கைக்கு வரும் தரகு, அந்த வறண்ட மாதங்களுக்குத் தோது. இன்னொரு வசதியும் உண்டு. "வீடு காலி பண்றவங்க முதல்ல கூப்பிடுறது ஏசி கழட்டுறவனைத்தான். வீட்டுக்காரருக்கே தெரியாத சேதி எனக்கு வந்துடும்" என்றார்.

கீழே இறங்கி மேல்தளத்து வீட்டுக்குள் நுழைந்தோம். பையிலிருந்து துப்பாக்கி மாதிரி ஒரு வெப்பமானியை எடுத்து மேற்குச் சுவரைக் குறிபார்த்தார். 40 டிகிரி. கிழக்குச் சுவரில் 34. கான்கிரீட்டும் செங்கல்லும் பகலெல்லாம் வெயிலை உள்வாங்கி, பொழுது சாய்ந்த பிறகு நிதானமாக அறைக்குள் விடும். படுக்கையறை மேற்கில், கூரை வெயிலில் என்றிருந்தால் ஏசியின் பாதி உழைப்பு மனிதருக்கு இல்லை, சுவருக்குத்தான். "கீழ்த்தளத்துல ஒரு டன் போதும்ங்கிற ரூமுக்கு இங்க ஒன்றரை டன் வேணும்" என்றார். மின்சாரத்தையும் நினைக்க வேண்டும்: இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடுகிறது.

சென்னையைக் காப்பாற்றுவது மதியம் கிழக்கிலிருந்து உள்ளே வரும் கடற்காற்று. மேற்கே இருந்து வீசும் தரைக்காற்று அதைத் தடுத்துவிடும் நாட்களில்தான் ஊர் வேகிறது. 2003 மே 31 அன்று 45 டிகிரி வரை போனது. ஆகவே இவர் ஒவ்வொரு அறையிலும் ஜன்னலைத் திறந்து, எதிர்ப்பக்கம் காற்று வெளியேற வழி இருக்கிறதா என்று பார்க்கிறார். வாஸ்துவுக்காகக் கிழக்கு வாசல் கேட்டு அடம்பிடிக்கிறவர்கள், கிழக்கே பக்கத்துக் கட்டிடம் மூன்றடி தள்ளி நிற்பதைக் கண்டுகொள்வதில்லை என்பது அவர் மனக்குறை. என் மனக்குறையும் அதுதான்.

வீட்டம்மாவிடம் ஒரு மக் தண்ணீர் கேட்டார். ஏசி பொருத்துவதற்காகச் சுவருக்குள் கட்டுநர் முன்கூட்டியே பதித்திருந்த வடிகால் குழாயின் வாயில் அதை மெல்ல ஊற்றிவிட்டுக் குளியலறைக்குள் போய் நின்றார். நீர் வரவில்லை. பால்கனியிலும் இல்லை. "சுவத்துக்குள்ள எங்கயோ நிக்குது. வாட்டம் கொடுக்காம பைப்பைப் படுக்க வச்சிருக்காங்க. ஏசி ஓட ஆரம்பிச்சா ஒரு மாசத்துல பெயிண்ட் உரியும்." கூடவே பதித்த செம்புக் குழாயின் முனைகள் திறந்தே கிடந்தன. கட்டுமானத்தின்போது உள்ளே புகுந்த மணலும் ஈரமும் பிற்பாடு கம்ப்ரஸருக்குள் போகும். புது வீடானால் இதற்கு வழியுண்டு: ஒப்படைத்து ஐந்து ஆண்டுக்குள் வேலைத்தரக் குறையைச் சுட்டிக்காட்டினால் 30 நாளுக்குள் கட்டுநர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம். ஆனால் இது கைமாறி வரும் பழைய வீடு.

இரண்டாம் மாடியில் வேறொரு வீட்டில் அவருடைய பையன்கள் புது ஏசி மாட்டிக்கொண்டிருந்தார்கள். போய்ப் பார்த்தேன். ஒருவன் கட்டரைச் சுற்றிச் சுற்றிச் செம்புக் குழாயை அறுத்தான். வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு பிசிறைச் சுரண்டினான். மேல்நோக்கிப் பிடித்தால் தூள் உள்ளே விழுந்துவிடும். முதலில் நட்டை நுழைத்தான், அப்புறம்தான் குழாயின் வாயைப் புனல்போல விரித்தான். நட்டை மறந்துவிட்டு விரித்தால் அத்தனையும் வெட்டி எறிந்து மறுபடி தொடங்க வேண்டும். தொழில் பழகும் எல்லோரும் ஒருமுறையாவது இதற்குத் திட்டு வாங்கியிருப்பார்கள். விரித்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். ஒரு கோடு, ஒரு கீறல் இருந்தாலும் கேஸ் கசியும். இரண்டு ஸ்பானர் போட்டு இறுக்கிய பிறகு வாக்கம் பம்ப் ஓடியது. அழுத்தமானியின் முள் இறங்கியதும் பம்பை நிறுத்திவிட்டு, அது ஏறாமல் நிற்கிறதா என்று காத்திருந்தார்கள். எல்-கீயால் வால்வைத் திறந்தது அதற்கும் பிறகுதான்.

அவசரக்காரர்கள் இந்தக் காத்திருப்பைத் தவிர்த்துவிட்டு, மிஷினில் இருக்கிற கேஸையே கொஞ்சம் விட்டுக் காற்றைத் தள்ளிவிடுவார்கள். இப்போது புழங்கும் ஆர்-32 லேசாகத் தீப்பற்றக்கூடியது. அதில் இந்த வேலை ஆபத்து. வருஷாவருஷம் "கேஸ் தீர்ந்துபோச்சு" என்று சொல்லி நிரப்பிக் காசு வாங்குவதும் ஏமாற்றுதான். மூடிய குழாய்க்குள் சுற்றும் கேஸ் தானாகத் தீராது. ஓட்டை இருந்தால்தான் குறையும். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் உப்புக்காற்று காயிலை அரித்துவிடும் என்பதால் அங்கே ஓட்டை சீக்கிரம் விழும்.

குழாய் வேலைக்கு முன்பே அவர்கள் அவுட்டோர் யூனிட்டை மாட்டிய இடம், நான்கு வீட்டுக்குப் பொதுவான குறுகலான ஷாஃப்ட். ஒரு மிஷின் துப்பும் அனலை அடுத்தது இழுத்துக்கொள்ளும். அதைவிட மோசம், கால் வைக்க இடமில்லை. ஒரு பையன் ஜன்னல் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு, ஒரு முழ அகலச் சஜ்ஜாவில் நின்று ஸ்டாண்டுக்குத் துளை போட்டான். இடுப்பில் பெல்ட்டைக் கட்டச் சொல்லி அதட்டிக் கட்டவைத்தார் இவர். "வீடு பார்க்க வரவங்க டைல்ஸைப் பார்ப்பாங்க. மெக்கானிக் எங்க நிப்பான்னு ஒருத்தரும் கேட்டதில்ல." சில வீடுகளில் மனிதன் எட்டவே முடியாத இடத்தில் மிஷினை வைத்திருக்கிறார்கள், சர்வீஸுக்கு வருகிற ஒவ்வொரு பையனும் அங்கே உயிரைப் பணயம் வைக்கிறான். என்னைக் கேட்டால், வீட்டு விளம்பரங்களில் நீச்சல் குளத்தைப் போடும் இடத்தில் இதைப் போட வேண்டும்.

இப்படிக் குறை சொல்லியே விற்றால் கமிஷன் எப்படித் தேறும் என்று கேட்டேன். சிரித்தார். "மறைச்சு வித்தா இன்னிக்குக் காசு வரும். அடுத்த கத்திரியில ரூம் குளிரலைன்னு யாரைக் கூப்பிடுவாங்க? என்னைத்தான சார்? அந்த ஏணியில நான்தான ஏறணும்?" நேர்மை என்று மட்டும் இதைச் சொல்ல மனம் வரவில்லை. இரண்டு தொழிலும் ஒரே போன் நம்பரில் இருப்பதால் வந்த கட்டுப்பாடு அது. பெரும்பாலான தரகர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

வாசலில் பேரம் நடந்தது. மாடியில் சுர்க்கி போட்டுத் தட்டோடு பதிக்க, மேற்கு ஜன்னலுக்கு வெளியே தடுப்புக் கட்ட, வடிகால் குழாயை உடைத்து மாற்ற ஆகும் செலவை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி விலையில் கழிக்கச் சொன்னார். மாடித்தளம் எல்லா வீட்டுக்கும் பொது, நான் ஏன் தர வேண்டும் என்றார் வீட்டுக்காரர். சங்கத்தில் பேசிப் பங்கு பிரிக்கலாம், ஜன்னலும் குழாயும் உங்களுடையது என்றார் இவர். வீட்டுக்காரர் ஜன்னலுக்கு மட்டும் ஒத்துக்கொண்டார்.

பெரியவர் இன்னும் தயங்கினார். "அவசரமில்லைங்கய்யா. நாளைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மாவையும் கூட்டிட்டு வந்து அந்த பெட்ரூம்ல அரை மணி நேரம் ஃபேன் போட்டு உக்காந்து பாருங்க. அப்புறம் டோக்கன் பேசலாம்" என்றார் இவர்.

"ராத்திரியில யாராவது வீடு காட்டுவாங்களாய்யா?" என்று பல்லைக் கடித்தார் வீட்டுக்காரர். ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டார்.