கொல்வது வெயில், காட்டிக்கொடுப்பது குளிர்

ஜுருவில் குளிர்காலம் கிடையாது. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் உள்ள இந்த ஊரில் பகல் வெப்பம் ஆண்டு முழுவதும் 31, 32 டிகிரியை ஒட்டியே இருக்கும். விடியற்காலையில்கூட அது 23 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. அப்படியிருந்தும், வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் மோட்டார் சைக்கிளின் சுவிட்சை அழுத்தி, 'டக், டக்' என்ற சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, அதைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வருபவர்களை இங்கே எந்த மாதத்திலும் பார்க்கலாம். பிறை தொழிற்பேட்டை, புக்கிட் மிஞ்ஞாக், பத்து காவான் என நாலாபுறமும் தொழிற்சாலைகள் சூழ்ந்த ஊர் இது. 1985இல் திறந்த பினாங்குப் பாலத்தைக் கடந்து தீவுக்கு வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. 2019 தொடக்கத்திலிருந்து அந்தப் பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. ஷிப்டு தொழிலாளிக்குக் கப்சாய் எனப்படும் சிறிய மோட்டார் சைக்கிள்தான் கால். அதன் பேட்டரி படுத்தால் அன்றைய சம்பளமும் ஆட்டம் காணும். இந்தப் பட்டறைகளில் நடக்கும் வேலையைக் கவனித்தால் ஒன்று தெளிவாகிறது. செத்த பேட்டரிக்கு ஒயர் கொடுத்து வண்டியைக் கிளப்புவது முதலுதவி மட்டுமே. அது ஏன் செத்தது என்று கண்டுபிடிப்பதுதான் தொழில். அந்தத் தொழிலுக்குத்தான் நாம் கூலி கொடுக்காமல் இருக்கிறோம்.

பேட்டரியைக் கொல்வது குளிர் என்பது பரவலான நம்பிக்கை. அதில் பாதி உண்மை உண்டு. ஈய–அமில பேட்டரிக்குள் நடப்பது வேதிவினை. குளிரில் அது மந்தமாகும். மைனஸ் 18 டிகிரியில் நல்ல பேட்டரியும் தன் திறனில் ஏறத்தாழ பாதியைத்தான் தரும். அதே நேரத்தில் எஞ்சின் ஆயில் கெட்டியாகி, எஞ்சினைச் சுழற்றக் கூடுதல் விசை கேட்கும். தேவை ஏறும்போது வரவு இறங்குகிறது. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உறைபனி விழும் உதகையின் சனவரிக் காலைகளில் வண்டிகள் அடம்பிடிப்பது இதனால்தான். மலேசியாவில் இதற்கு ஓரளவு நெருக்கமான இடம் கேமரன் மலை. ஆனால் குளிர் பறிப்பதெல்லாம் தற்காலிகம். வெயில் ஏறினால் அந்தத் திறன் திரும்பிவிடும். வெப்பம் செய்யும் சேதம் அப்படித் திரும்பாது. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது இத்துறையின் பொதுக்கணக்கு. உள்ளிருக்கும் நீர் ஆவியாகிறது, தகடுகள் அரிக்கப்படுகின்றன, சும்மா நிற்கும்போதே சார்ஜ் வேகமாகக் கசிகிறது. குளிர்நாட்டில் முதல் பனி இந்தச் சேதத்தை அம்பலப்படுத்திவிடும். ஜுருவில் காட்டிக்கொடுக்கக் குளிர் இல்லாததால், பேட்டரி முன்னறிவிப்பின்றிப் படுக்கிறது. ஆகவே இங்கே முன்கூட்டியே சோதிப்பது இன்னும் அவசியம்.

தேர்ந்த மெக்கானிக்கின் கை முதலில் ஜம்பர் கேபிளைத் தேடாது. வண்டி எத்தனை நாளாக இப்படி இருக்கிறது, நேற்று எவ்வளவு தூரம் ஓடியது, புதிதாக என்ன மாட்டினீர்கள் என்று கேட்பார். பிறகு மல்டிமீட்டர். அணைத்து வைத்த வண்டியில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. ஸ்டார்ட் ஆன பின் எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டுப் பார்க்கும்போது 14 வோல்ட்டை ஒட்டி ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் குற்றவாளி சார்ஜிங் காயிலோ ரெகுலேட்டரோ துருப்பிடித்த இணைப்போதான். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பேட்டரியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிறது. கடைசியாக, சாவியை எடுத்த பிறகும் மின்சாரம் கசிகிறதா என்ற சோதனை. இதன் முக்கியத்துவம் ஒரு சின்னக் கணக்கில் புரியும். ஸ்டார்ட்டர் மூன்று வினாடிக்கு 40 ஆம்பியர் இழுத்தாலும் மொத்தச் செலவு 0.03 ஆம்பியர்–மணியை ஒட்டித்தான் வரும். 4 ஆம்பியர்–மணி பேட்டரியில் அது ஒரு விழுக்காடுகூட இல்லை. அலாரமோ போன் சார்ஜரோ ஓயாமல் 50 மில்லி ஆம்பியர் கசியவிட்டால், ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்–மணி போய்விடும். மூன்று நாள் நிறுத்தி வைத்த வண்டி நான்காம் நாள் எழாது. போதாததற்கு, 1992 முதல் மலேசியாவில் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கை எரியவிட வேண்டும். உயிர் காக்கும் விதி அது, இருக்கத்தான் வேண்டும். ஆனால் பேட்டரியிலிருந்து விளக்கெரியும் வண்டி நெரிசலில் ஊர்ந்து, நாலைந்து கிலோமீட்டரில் நின்றுவிட்டால், செலவான சார்ஜ் முழுதாகத் திரும்பாது.

ஒயர் கொடுப்பதிலும் ஒழுங்கு உண்டு. படுத்த பேட்டரியின் நேர்முனையில் சிவப்பு, பிறகு உதவும் பேட்டரியின் நேர்முனையில் சிவப்பு, அடுத்து உதவும் பேட்டரியின் எதிர்முனையில் கறுப்பு. கறுப்பின் மறுமுனையைப் படுத்த பேட்டரியிலிருந்து தள்ளி, எஞ்சினிலோ சட்டத்திலோ பெயின்ட் இல்லாத உலோகத்தில் மாட்டுவார்கள். கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறலாம். அது காற்றில் 4 விழுக்காடு கலந்தாலே தீப்பிடிக்கும். உதவிக்குக் கார் வந்தால் அதன் எஞ்சினை அணைத்து வைத்தே செய்வது வழக்கம். காரின் பேட்டரி கப்சாயின் பேட்டரியைவிடப் பத்து மடங்கு பெரியது, அதில் இருக்கும் சக்தியே போதும். உப்பிய, வெடித்த பேட்டரிக்கு ஒயர் கொடுக்கவே கூடாது.

இவ்வளவு அறிவும் பில்லில் எங்கே வருகிறது? பெரும்பாலும் எங்குமே வருவதில்லை. பேட்டரிக்கு விலை, மாட்டுவதற்குச் சில வெள்ளி, அவ்வளவுதான். "சும்மா மீட்டர் வைத்துப் பார்த்ததற்கா காசு?" என்பது வாடிக்கையாளரின் கேள்வி. விளைவு இயல்பானது. புதுப் பேட்டரி விற்றால் லாபம், பழைய பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது என்று உண்மையைச் சொன்னால் நேர நட்டம். நேர்மையாகச் சோதிப்பவரைத் தண்டித்து, சோதிக்காமல் மாற்றுபவருக்குப் பரிசு தருகிற ஏற்பாட்டை நாமே வைத்திருக்கிறோம்.

இதற்கு மறுப்புகள் உண்டு. ஏழு மணி ஷிப்டுக்கு ஓடுகிறவனிடம் சோதனை பற்றிப் பேசலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வண்டியை முதலில் கிளப்பிவிடுவதுதான் அப்போது சரி. ஆனால் எஞ்சின் ஓடும்போது மீட்டரை வைத்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். அதில் 14 வோல்ட் தெரியவில்லை என்றால், மாலை திரும்பும் வழியில் மழையில் நிற்கப்போகிறீர்கள் என்று காலையிலேயே சொல்லிவிடலாம். பேட்டரி மலிவுதானே, மாற்றிவிட்டால் தீர்ந்தது என்பது இரண்டாம் வாதம். ரெகுலேட்டர் கெட்டிருந்தால் புதுப் பேட்டரியும் அதே வழியில் போகும். பிறகு அந்த மலிவு இரட்டிப்பு விலையாகும். உள்ளங்கை அளவு பூஸ்டர் கடையில் கிடைக்கிறது, மெக்கானிக் எதற்கு என்பது மூன்றாம் வாதம். பூஸ்டர் வண்டியைக் கிளப்பும், காரணத்தைச் சொல்லாது. கிக் ஸ்டார்டர் இருந்த காலத்தில் பேட்டரி இல்லாமலும் சமாளித்தோம் என்பார்கள். கார்புரேட்டர் வண்டிக்கு அது பொருந்தியது. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் பம்புக்கே மின்சாரம் வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டரைத் தள்ளியும் ஸ்டார்ட் செய்ய முடியாது. வண்டிகள் மாற மாற, இந்த அறிவின் தேவை கூடிக்கொண்டே போகிறது.

ஜுருவுக்கு இதில் இன்னொரு அக்கறையும் இருக்க வேண்டும். பிறை தொழிற்பேட்டையின் கழிவால் 1970களில் ஜுரு ஆறு கெட்டு, கோலா ஜுரு மீனவர்களின் பிழைப்பே ஆட்டம் கண்டது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்களோடு நின்று அதை நாடறியச் செய்தது. மலேசியாவின் 2005ஆம் ஆண்டு விதிமுறைகள் பழைய ஈய–அமில பேட்டரியை அபாயக் கழிவுப் பட்டியலில் வைத்திருக்கின்றன. தேவையில்லாமல் மாற்றும் ஒவ்வொரு பேட்டரியும் காலத்துக்கு முன்பே கழிவாகும் ஈயமும் அமிலமும்தான். ஆற்றின் வலியை அறிந்த ஊர் இதை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. பட்டறைச் சுவரின் விலைப்பட்டியலில் ஆயில் மாற்றுவதற்கும் டயர் ஒட்டுவதற்கும் பக்கத்தில் 'மின்சோதனை' என்று ஒரு வரி சேரட்டும், அதற்கு ஒரு நியாயமான கூலி இருக்கட்டும். அணைத்த நிலை, ஓடும் நிலை, கசிவு என மூன்று அளவுகளையும் எழுதிய துண்டுச்சீட்டு வாடிக்கையாளர் கைக்கு வரட்டும். அதன்பின் பேட்டரியை மாற்றுவதா வேண்டாமா என்பதை அந்த எண்களைப் பார்த்து அவரே முடிவு செய்யலாம். பேட்டரி விற்காத நாளிலும் மெக்கானிக்கின் அறிவுக்கு வருமானம் இருக்கும். மாதச் சம்பளத்தை எண்ணி வாழும் தொழிலாளிக்கும் அந்தச் சில வெள்ளிதான் மலிவான செலவு.