டேஷ்போர்டில் ஒரு ஓட்டை

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்து, இப்போது ஓய்வில் இருக்கிறார் அவர். வயது 66. அன்று ஞாயிற்றுக்கிழமை. காலை காபியோடு வாசலுக்கு வந்தவர், கார் ஷெட்டில் மகன் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். உள்ளே தொடுதிரை வைத்த புது ஸ்டீரியோ.

“ஏனுங்கப்பா, இதை மாட்டிட்டா ஊட்டி போற வரைக்கும் பாட்டுதானுங்க. டேஷ்போர்டை இன்னும் கொஞ்சம் வெட்டினா போதும்.”

வெட்டினா என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

ஷெட்டில் நிற்பது 1965-ல் அவருடைய அப்பா வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டை, 1961 முதல் மதராஸில் தயாரித்த வண்டி. வடிவமைத்தவர் இத்தாலியரான மிச்சலோட்டி. இதே ஹெரால்டின் சட்டத்தைக் குட்டையாக்கி, அவரே வடிவமைத்ததுதான் 1962-ல் வந்த ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார். முன்பக்கம் முழுவதும் ஒரே பானெட்டாகத் திறக்கும் அழகு இரண்டுக்கும் பொது. அதனால் மகனுக்கு இது தாத்தாவின் பழைய வண்டி மட்டுமல்ல, ஸ்போர்ட்ஸ் காரின் உடன்பிறப்பு.

அந்த டேஷ்போர்டில் ஏற்கெனவே ஒரு ஓட்டை உண்டு. போட்டவர் இவர்தான்.

1984. அவருக்கு 25 வயது. ஊரில் எல்லோரும் காரில் கேசட் டெக் வைத்துக்கொண்டிருந்த நேரம். பட்டறையிலிருந்து ரம்பமும் அரமும் எடுத்து வந்து, அப்பாவிடம் கேட்காமலே பலகையை அறுத்து டெக்கைப் பொருத்திவிட்டார். சாயங்காலம் வந்த அப்பா, வெட்டிய விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்குது கண்ணு” என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு அவர் அந்த வண்டியை ஓட்டவே இல்லை. எங்கே போனாலும் பின் சீட்டில்தான் உட்கார்ந்தார். டெக் நாலு வருஷம் பாடியது. பிறகு நாடாவைத் தின்ன ஆரம்பித்தது, கழற்றியாகிவிட்டது. ஓட்டை மட்டும் 40 வருஷமாக அப்படியே இருக்கிறது.

இதையெல்லாம் மகனிடம் சொல்ல அவருக்கு வரவில்லை. பட்டறைக்காரர் இல்லையா, கணக்கில் ஆரம்பித்தார்.

“பெட்டியிலே 500 வாட்ஸ்னு போட்டிருக்குது. 12 வோல்ட்டுல அதுக்கு 40 ஆம்பியருக்கு மேல வேணும். நம்ம வண்டி டைனமோ முழு வேகத்துல சுத்தினாலும் 22தான் கொடுக்கும். ஹெட்லைட்டுக்கு, காயிலுக்கு, வைப்பருக்குப் போக மிச்சம் என்ன இருக்கும் கண்ணு?”

இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்தக் காலத்து இங்கிலாந்து கார்கள் பலவற்றைப் போல இதிலும் பாடியோடு இணைந்திருப்பது பேட்டரியின் பாசிட்டிவ் முனை. புது செட்டுகளின் உலோகக் கூடு நெகட்டிவ். அப்படியே மாட்டி, கூடு பாடியில் பட்டால் ஷார்ட் சர்க்யூட்தான்.

பக்கத்துத் தெரு ஆட்டோ எலக்ட்ரீஷியனை அழைத்தார்கள். அவர் பேட்டரி இணைப்பையும் காயில் ஒயர்களையும் மாற்றிப் போட்டார். டைனமோவின் ஃபீல்டு முனையில் பேட்டரியிலிருந்து ஒரு ஒயரை நொடிப்பொழுது தொட்டு எடுத்தார். டைனமோவும் புதுத் திசைக்கு மாறிக்கொண்டது.

தொடுதிரையைத் திருப்பி அனுப்பிவிட்டான் மகன். அதற்குப் பதில் ப்ளூடூத் உள்ள சின்ன ஆம்ப்ளிஃபையர் ஒன்று சீட்டுக்கு அடியில் போனது. மரப்பெட்டியில் அடைத்த இரண்டு ஸ்பீக்கர்கள் பின் சீட்டுக்குப் பின்னால். பேட்டரியிலிருந்து தனி ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். பாட்டுக்கு மகனின் செல்போன். புதிதாக ஒரு துளைகூடப் போடவில்லை. நாளைக்கே வேண்டாம் என்றாலும், அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் கழற்றிவிடலாம். பழைய வண்டியில் எதைச் சேர்த்தாலும் அப்படித்தான் சேர்க்க வேண்டும் என்பது அவர் தாமதமாகக் கற்ற பாடம்.

பழைய ஓட்டைக்கு அவரே தேக்குப் பலகையில் ஒரு மூடி இழைத்தார். இரண்டு நாள் வேலை. அதைப் பொருத்தும்போதுதான் மகன் கேட்டான்: “அப்பாரு எதுக்குங்கப்பா எப்பவும் பின் சீட்டுலயே உட்காருவாரு?”

இந்த முறை அவர் சொல்லிவிட்டார்.

மகன் ஒன்றும் பேசவில்லை. மூடியின் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினான்.

அன்று சாயங்காலம் அவிநாசி ரோட்டில் ஒரு சுற்று. வண்டி ஓட்டியது மகன். பின்னாலிருந்து பாட்டு நிதானமாக வந்தது. லட்சுமி மில்ஸ் சிக்னலில் நின்றபோது, இஞ்சின் வேகம் குறைந்து சார்ஜ் சிவப்பு விளக்கு மினுக்கென்று எரிந்தது. அவர் வாய் திறப்பதற்குள் மகன் பாட்டின் சத்தத்தைக் குறைத்துவிட்டான்.