அம்மையாரின் மடிக்கணினி

கல்வெட்டாராய்ச்சியில் ஈடுபட்ட ஆசிரியை ஒருவருக்கு மடிக்கணினி வாங்க அவர்தம் கணவர் அவரோடு கடைக்குச் சென்றார். விற்பனையாளர் விளையாட்டுக்குரிய வரைகலை அட்டை பொருந்திய கருவியைப் புகழ்ந்தார். விலையும் பெரிது, எடையும் பெரிது. நாள்தோறும் பேருந்தில் சுமப்பவர் அம்மையார் அன்றோ! அவர் பணிக்கோ ஆய்வேடும், ஒருங்கே திறந்து கிடக்கும் பத்துப் பதினைந்து நூல்களும், கல்வெட்டுப் படங்களுமே உண்டு. அதற்கு வேண்டுவது நினைவகம். மெல்லிய கருவிகள் பலவற்றில் அது தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னர்க் கூட்டுதல் இயலாது. ஆதலின் நினைவகம் 16 ஜி.பி. வேண்டும் என்றும், அசையும் உறுப்பில்லாத எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் 512 ஜி.பி. போதும் என்றும் கணவர் முடிவு செய்தார்.

“விசைகளை ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டுமா?” என்றார் அம்மையார்.

கணவர் நாணினார், அதனை அவர் எண்ணவே இல்லை. அம்மையார் ஒரு பத்தி தட்டச்சிட்டார். விசைகள் ஆழமின்றி விரல்களை நோகச் செய்தன. அதே அளவுகளுடைய வேறொன்றைக் கையில் எடுத்தார்.