எந்த ஊரில் குடியேறுவது?

கீழ்பென்னாத்தூர் வீட்டை விட்டு நகரத்துக்குக் குடிபோக வேண்டுமென்று பிள்ளைகள் வற்புறுத்துகிறார்கள். திருவண்ணாமலையா, விழுப்புரமா என்பதே இப்போது விவாதம். முன்னது 1989-லும் பின்னது 1993-லும் ஜில்லாத் தலைநகரானவை. ஆஸ்பத்திரி, கலாசாலை, கோர்ட்டு எல்லாம் இரண்டிலும் உண்டு.

மகன் விழுப்புரத்தின் கட்சி. சென்னை, திருச்சி, கடலூர், புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து திக்கிலும் ரயில் பாதை பிரியும் ஜங்ஷன் அது. "அவசரமென்றால் ராத்திரியே வந்துவிடுவேன், அப்பா" என்கிறான். தள்ளக்கூடிய வாதமன்று.

என் மனைவியோ அண்ணாமலையின் கட்சி. அங்கும் கஷ்டம் இல்லாமலில்லை. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஜனசமுத்திரம் பெருகும்போது, உள்ளூர்வாசி கடைத்தெருவுக்குப் போய்த் திரும்புவதே பிரயாசை. ஆனால் மற்ற நாட்களில் கோயில் வாசலில் சற்று உட்கார்ந்தால், நம் பக்கத்து மனிதர் ஒருவராவது பேச்சுத் துணைக்கு அகப்படுவார்.

வயோதிகத்தில் வேண்டுவது எது? பிள்ளைகள் வந்துபோகும் சௌகரியமா, அவர்கள் வராத நாட்களைக் கழிக்கும் சௌகரியமா? வருஷத்தில் அவர்கள் வருவது சில நாட்களே; வராத நாட்களோ முந்நூற்றுக்கு மேல். ஆகையால் என் வாக்கு திருவண்ணாமலைக்கே. ரயிலும் விழுப்புரத்தோடு நின்றுவிடுவதில்லை. காட்பாடிப் பாதையில் அவ்வூருக்கும் வரத்தானே செய்கிறது!