எத்தனாவது?

எங்கள் அப்பாவுக்குப் படிப்பின்மேல் அபார நம்பிக்கை. ஆனால் எங்கள் படிப்பைப் பற்றி அவர் தெரிந்துகொள்ள விரும்பியது ஒரே ஒரு விஷயந்தான். புரோகிரஸ் ரிப்போர்ட்டை நீட்டினால் மார்க்குகளைப் படிக்கமாட்டார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "எத்தனாவது?" என்பார். நான் மூன்றாவது, நான்காவது என்று ஏதாவது சொல்லித் தப்பித்துவிடுவேன். என் தம்பி வாயே திறக்கமாட்டான். அவன் வகுப்பில் மொத்தம் எத்தனை பையன்கள் என்று தெரிந்தால் போதும்; அவன் எத்தனாவது என்பதும் தெரிந்த மாதிரிதான்.

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் எங்களுக்கு மண்டி இருந்தது. நெல் முக்கியம்; கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் புளியும் கடுக்காயும் உபரி வியாபாரம். அதற்காகக் கச்சிராயபாளையம் வரையிலும், சில சமயம் அதற்கு அப்பாலும் போய்வர ஒரு பழைய ஜீப் உண்டு. அதில் கியர் மாற்றுவது எல்லாருக்கும் கைவராது. கிளச்சை ஒரு தடவை மிதித்து, விட்டு, இயந்திரத்தை ஓர் உறுமல் உறுமவிட்டு, மறுபடியும் மிதித்தால்தான் பல்லோடு பல் சேரும். இல்லாவிட்டால் கடைவீதி முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி ஒரு கூச்சல் போடும். பதினாலு வயசில் தம்பி அதைச் சத்தமில்லாமல் செய்தான். மண்டி டிரைவர் ஒரு நாள் அப்பாவிடம் வந்து, "முதலாளி, சின்னவர் கையிலே வண்டி பேசுதுங்க" என்றார். அப்பாவுக்கு அது புகாராகப் பட்டது. மறுநாளிலிருந்து சாவி கல்லாப்பெட்டிக்குள் போய்விட்டது.

பதினெட்டு வயசு இருக்கும். ஒரு பிப்ரவரி மாதம் தம்பியை இரண்டு நாளாகக் காணோம். அரிசி மூட்டை ஏற்றிச் சென்னைக்குப் போன லாரியில் தொற்றிக்கொண்டு சோழவரம் போயிருந்தான். மூன்றாம் நாள் காலையில் புழுதியும் புன்சிரிப்புமாக வந்து நின்றான். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. விசிறிக் காம்பு முறிந்தது; அவ்வளவுதான்.

அன்று இரவு மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு அவன் எனக்குச் சோழவரத்தைச் சொன்னான். சென்னைக்கு வடக்கே இரண்டாம் உலக யுத்தத்துக்காகப் போட்ட விமானத்தளம் அது. யுத்தம் முடிந்து விமானங்கள் போய்விட்டன. சிமெண்டுத் தளம் மிஞ்சிற்று. 1953இல் தொடங்கிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் அந்த ஓடுபாதைகளையே பந்தயத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். வெயிலில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் கூடுவார்கள். இப்படியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவன், எழுந்து உட்கார்ந்துகொண்டான்.

"அண்ணே, ஒண்ணு கண்டுபிடிச்சேன். ஜெயிக்கிறவன் வளைவுலே வேகமாப் போறதில்லே. வளைவு வர்றதுக்கு முன்னாடியே வேகத்தைக் கொறைச்சிடறான். தோக்கிறவன்தான் வளைவுக்குள்ளே போய் பிரேக்கை மிதிக்கிறான்."

அப்போது நான் பாதித் தூக்கத்தில் 'ம்' கொட்டினேன். பிற்பாடுதான் அதில் உள்ள சூட்சுமம் புரிந்தது. தரையைப் பற்றிக்கொள்ள டயருக்கு இருக்கிற பிடிமானம் ஓர் அளவுதான். அதை வேகம் குறைக்கச் செலவழித்தால் திரும்புவதற்கு மிச்சமிராது. திரும்பச் செலவழித்தால் நிற்பதற்கு மிச்சமிராது. ஆகவே ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்றைத் தொடங்க வேண்டும். இது பாடப்புத்தகத்தில் உள்ள விஷயம். அந்தப் புத்தகத்தில் அவன் தோற்றுத்தான் போயிருந்தான்.

பிறகு எப்படியோ அப்பாவுக்குத் தெரிந்தும் தெரியாமலும் சோழவரம் போய்வந்துகொண்டிருந்தான். அங்கேதான் கரிவரதனைப் பார்த்தான். சுந்தரம் கரிவரதன், கோயம்புத்தூரில் மில் நடத்தும் பெரிய குடும்பத்துப் பிள்ளை; 1954இல் பிறந்தவர்; தம்பியைவிட இரண்டு வயசு மூத்தவர். சுற்றிலும் எல்லாரும் அவரைக் 'கரி' என்றே கூப்பிட்டார்கள். அந்தக் காலத்து இந்தியப் பந்தயங்களின் லட்சணம் தெரிந்தால்தான் அவருடைய பெருமை தெரியும். நம் சாலைகளில் ஓடியவை அம்பாஸடர், பியட், ஸ்டாண்டர்டு என்று மூன்று ஜாதிக் கார்கள். அந்நியக் கார் கொண்டுவருவது குதிரைக் கொம்பு. ஆகவே சோழவரத்தில் காரோட்டியவர்களில் பலர் சமஸ்தானாதிபதிகள் அல்லது தொழிலதிபர்களின் பிள்ளைகள். சாமர்த்தியத்துக்கு முன்னால் சம்பத்து போய்ப் பந்தயத்தில் பாதியை முடித்துவிடும்.

கரிவரதனுக்கும் சம்பத்துக்குக் குறைவில்லை. பந்தயம் ஓட்டினார், ஜெயித்தார். அதோடு நின்றிருந்தால் நான் இந்தக் கட்டுரை எழுத வேண்டியதில்லை. அவர் கோயம்புத்தூரிலேயே உட்கார்ந்து பந்தயக் கார்களைத் தாமே வடிவமைத்துக் கட்ட ஆரம்பித்தார். 1983இல் மாருதி 800 வந்தது. 796 சி.சி., மூன்று சிலிண்டர். குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்வர ஏற்ற சின்ன இயந்திரம். அந்த இயந்திரத்தை வைத்து, ஒரே ஆள் உட்காரும் பந்தயக் காரை அவர் செய்தார். 1988இல் 'பார்முலா மாருதி' என்ற பந்தயம் பிறந்தது. எல்லாருக்கும் ஒரே இயந்திரம், ஒரே மாதிரிக் கார். பணக்காரன் என்பதற்காக ஒருவனுடைய கார் கூடுதலாக ஓடாது. ஜெயித்தால் ஓட்டினவன் ஜெயித்தான். தோற்றால் ஓட்டினவன் தோற்றான். இலவசம் என்று சொல்லவில்லை. ஆனால் அதுவரை எட்டாத உயரத்தில் இருந்த கிளையை ஒருவர் கையால் தாழ்த்திப் பிடித்தார்.

அந்தச் செய்தியைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்துக்கொண்டு தம்பி என்னிடம் வந்தான். அப்பா காலமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. மண்டியை அவன் பார்த்துக்கொண்டான். நிலம் விற்ற பணம், அவன் பங்கும் சேர்த்து, என் பெயரில் பாங்கியில் இருந்தது. காகிதத்தை என் மேஜைமேல் வைத்துவிட்டு நின்றான். உட்காரக்கூட இல்லை.

"ஒரே ஒரு வருஷம் அண்ணே. ஓட்டிப் பாத்துடறேன்."

"முப்பத்திரண்டு வயசிலே என்னடா விளையாட்டு? வீட்டிலே பெண் குழந்தை இருக்கு" என்றேன்.

அவன் தர்க்கம் பண்ணவில்லை. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போனான். அப்புறம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. ஒரு பெரிய நஷ்டத்திலிருந்து குடும்பத்தைக் காப்பாற்றிவிட்ட திருப்தி அன்று எனக்கு இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் நான் ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். சொந்த ஊர்க்காரர்களால் மதிக்கப்படாத ஒரு நாகசுரக்காரனின் கதை. அவனுக்கு ஒரு நல்ல வாத்தியம் வாங்கிக்கொடுக்க ஆளில்லையே என்று வாரந்தோறும் வாசகர்கள் உருகிக் கடிதம் எழுதினார்கள். ஒவ்வொன்றுக்கும் என் கையாலேயே பதில் போட்டேன்.

ஏழு வருஷம் கழித்து, 1995 ஜூலையில், ஜுவான் மானுவல் பான்ஹியோ இறந்துபோனார் என்று பத்திரிகைகளில் வந்தது. தம்பி வாயால் கேட்ட பெயர் என்பதால் படித்தேன். அர்ஜென்டினாவில் பால்கார்ஸே என்று ஒரு சிற்றூர், உருளைக்கிழங்குச் சீமை. நம் சின்னசேலம் பக்கத்து மரவள்ளிக்கிழங்குச் சீமை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1911இல் அங்கே பிறந்தவர் பான்ஹியோ. பிழைக்க இத்தாலியிலிருந்து வந்த எளிய குடும்பம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுப் பட்டறையில் எண்ணெய்க் கையோடு வளர்ந்த பிள்ளை. அவர் பந்தயம் ஓட்ட ஆசைப்பட்டபோது ஊரார் சந்தா போட்டுப் பணம் திரட்டி ஒரு செவர்லே காருக்கு வழி பண்ணினார்கள். 1940இல் புவனோஸ் அயர்ஸிலிருந்து லிமா போய்த் திரும்பும் பந்தயத்தில், ஆண்டிஸ் மலையைக் கடந்து, ஏறக்குறைய 9,500 கிலோமீட்டர் தூரத்தைச் செவர்லேயிலேயே ஓட்டி அவர் முதலாவதாக வந்தார்.

யுத்தத்தினால் சில வருஷங்கள் வீணாயின. ஐரோப்பாவில் அவர் முதன்முதலாகப் பந்தயம் ஓட்டியது 1948இல். அப்போது அவருக்கு வயசு முப்பத்தேழு. அந்த வரிக்கு வந்ததும் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டேன்.

சற்றுப் பொறுத்து மீதியையும் படித்தேன். 1951இல் உலகச் சாம்பியன். பிறகு 1954 முதல் 1957 வரை வரிசையாக நாலு தடவை. ஆல்பா ரோமியோ, மெர்ஸிடஸ், பெராரி, மாஸராட்டி என்று நாலு கம்பெனிக் கார்களில் அந்த ஐந்து பட்டங்கள். 2003இல் ஷூமாக்கர் வருகிற வரையில் அந்தக் கணக்கைத் தாண்டியவர் இல்லை. சாம்பியன் பட்டத்துக்கான பந்தயங்களில் அவர் புறப்பட்டது 51, ஜெயித்தது 24. கடைசி வெற்றி 1957இல், ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் என்ற மலைப்பாதையில். நடுவில் டயர் மாற்றவும் பெட்ரோல் போடவும் நின்றதில் முக்கால் நிமிஷத்துக்கும் மேலே பின்தங்கிவிட்டார். ஒவ்வொரு சுற்றிலும் தம்முடைய சாதனையைத் தாமே முறியடித்துக்கொண்டு துரத்தி, முன்னால் போன இரண்டு இங்கிலீஷ்காரப் பையன்களையும் பிடித்துத் தாண்டினார். வயசு நாற்பத்தாறு.

பால்கார்ஸேக்காரர்களை நினைத்துப் பார்த்தேன். சந்தா போட்ட ஒருவருக்காவது அவர் எத்தனாவதாக வருவார் என்று தெரிந்திருக்குமா? தெரியாமல்தான் கொடுத்தார்கள். தெரிந்துகொள்வதற்காகக் கொடுத்தார்கள் என்றும் சொல்லலாம்.

அதே 1995இல் கரிவரதனும் போய்விட்டார். பந்தயப் பாதையில் அல்ல. சிறிய விமானம் ஒன்றின் விபத்தில். நாற்பதை ஒட்டிய வயசு. அன்று தம்பி மண்டியைத் திறக்கவில்லை என்று அவன் மனைவி பிறகு சொன்னாள். ஆனால் அவர் தாழ்த்திப் பிடித்த கிளை அப்படியே இருந்தது. கோயம்புத்தூர்ப் பையன் நாராயண் கார்த்திகேயன் 1992இல், பதினைந்து வயசில், தன் முதல் பந்தயத்தை ஓட்டியது பார்முலா மாருதியில்தான். இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் திறந்த பந்தயப் பாதை அது. அந்தப் பையன்தான் 2005இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர். அந்த வருஷம் அமெரிக்காவில், டயர்த் தகராறினால் பதினாலு கார்கள் விலகிக்கொள்ள, ஆறே கார்கள் ஓடின. அவர் நான்காவதாக வந்தார். "ஆறு பேரில் நான்காவதா?" என்று நான் சிரித்தேன். தம்பி சிரிக்கவில்லை. "நாலாவதுன்னா நாலாவதுதான் அண்ணே" என்றான்.

கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் 2003இல் ஒரு பந்தயப் பாதை அமைந்தது. அதற்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயர். வேகமாக ஓட்டினவர்கள் எத்தனையோ பேர் இருக்க, பிறர் ஓட்டுவதற்குக் கார் செய்துகொடுத்தவர் பெயரை வைத்தது பொருத்தந்தான்.

சென்ற மாதம் கள்ளக்குறிச்சிக்குப் போயிருந்தேன். 2019இல் தனி மாவட்டமான பிறகு ஊர் அடையாளம் தெரியாமல் வீங்கியிருக்கிறது. மண்டி இல்லை. தம்பி சொந்தமாக ஒரு ஜீப் வைத்துக்கொண்டு வெள்ளிமலைக்கு வாடகை ஓட்டுகிறான். எழுபதை எட்டப்போகிறான். "மலைக்கு வர்றியா?" என்றான். ஏறி உட்கார்ந்தேன்.

கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியது. கொண்டை ஊசி வளைவுகளில் அவன் ஓட்டியதை வர்ணிக்க எனக்குத் தெரியவில்லை. மடியில் வைத்திருந்த தண்ணீர்ப் பாத்திரம் அலம்பவில்லை என்று மட்டும் சொல்கிறேன். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் வண்டியின் காகிதங்களைக் கேட்டார்கள. அவன் பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒவ்வொன்றாக உருவியபோது, நாலாக மடித்த பழுப்புக் காகிதம் ஒன்றும் கூடவே வந்தது. அதைத் திரும்ப உள்ளே செருகிக்கொண்டான். எனக்கு அடையாளம் தெரிந்தது.

இறங்கும்போதுதான் கேட்க எனக்குத் தைரியம் வந்தது.

"அன்னிக்கு நான் பணம் குடுத்திருந்தா நீ ஜெயிச்சிருப்பியாடா?"

ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியரில்தான் அவன் வருவான். சாவகாசமாக ஒரு வளைவைக் கடந்தபின் பதில் சொன்னான்.

"ஜெயிச்சிருக்கமாட்டேன் அண்ணே. அந்தப் பசங்க சின்ன வயசிலேருந்து ஓட்டறவங்க. தோத்திருப்பேன். ஆனா, எத்தனாவதுன்னு தெரிஞ்சிருக்கும்."

அவன் குரலில் வருத்தம் இருந்ததா என்று கவனித்தேன். வெறும் கணக்குச் சொல்கிற குரலாகத்தான் இருந்தது. அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை.

அப்பாவின் அந்தக் கேள்வியைச் சிறு வயசில் நாங்கள் இருவருமே வெறுத்தோம். இப்போது யோசித்தால், கேள்வியில் பிழையில்லை. கேட்ட இடந்தான் பிழை. என் தம்பியைப் பள்ளிக்கூடத்தில் வைத்துக் கேட்டார்கள். அவன் பதில் சொல்லக்கூடிய இடம் ஒன்று இருந்தது. அங்கே அவனை நிறுத்திக் கேட்பதற்கு ஒரு வருஷத்துச் செலவு ஆகியிருக்கும். அந்தச் செலவை மிச்சம் பிடித்தவன் நான். அந்தப் பணம் என்ன ஆயிற்று என்று எவ்வளவோ யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகமே வரவில்லை.